திருச்சி வரைக்கும் எடுத்த டிக்கெட்

அன்றைக்குக் காலையில் திண்டுக்கல் ஸ்டேஷனுக்குள் நுழையும்போது தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, போனில் ஒரு டிக்கெட். கையில் இருந்த பையில் என் சிநேகிதியின் மகளுக்கு வளைகாப்பு ரவிக்கை. பச்சைப் பட்டு, இரண்டு கையிலும் ஆரி வேலை. நான் நாகல் நகரில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயிற்றுப்பிள்ளைக்காரிக்குத் தைப்பதில் ஒரு தொல்லை உண்டு. இந்த வாரம் எடுத்த அளவு அடுத்த வாரம் பொருந்தாது. அதனால் கூரியரில் அனுப்ப மனசு வரவில்லை. மறுநாள்தான் விசேஷம். முந்தின நாளே திருச்சிக்குப் போய், போட்டுப் பார்க்கச் சொல்லி, இறுக்கமான இடத்தில் தையலைப் பிரித்துத் தளர்த்திக் கொடுத்துவிட்டு, வளைகாப்பையும் பார்த்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு.

டிக்கெட் எடுத்தது கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகள். எனக்கு ரயில் டிக்கெட் விஷயம் என்றைக்குமே பிடிபட்டதில்லை. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் வருவார், ஊரைச் சொன்னால் கிழித்துக் கொடுப்பார். ரயிலில் அப்படியா? ஒருமுறை மதுரைக்குப் போக கவுண்டரில் ஆர்டினரி டிக்கெட் எடுத்துவிட்டு, முதலில் வந்து நின்ற எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன். இது பாசஞ்சர் வண்டிக்கான டிக்கெட், இதில் செல்லாது என்று சொல்லி அபராதம் போட்டார்கள். அதே மதுரை, அதே தண்டவாளம், டிக்கெட் மட்டும் எப்படிச் செல்லாமல் போகும் என்று வழிநெடுகக் குழம்பிக்கொண்டே போனேன். இன்னொரு முறை பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு போனில் எடுக்கப் பார்த்தேன். ஸ்டேஷனை விட்டு வெளியே போய் எடுக்கச் சொன்னது போன். ரயிலுக்கு டிக்கெட் எடுக்க ரயிலடியை விட்டு வெளியே போகவேண்டுமாம்.

இந்த முறை மகள் பகல் வண்டியில் உட்கார்ந்து போகும் இருக்கை பதிவு செய்திருந்தாள். முதலில் வெயிட்டிங் லிஸ்ட் என்றாள். பிறகு உறுதியாகிவிட்டது என்றாள். ஆனால் என் போனில் அவள் முதலில் அனுப்பிய படம்தான் இருந்தது. அதில் இன்னும் வெயிட்டிங் லிஸ்ட் என்றே போட்டிருந்தது. ஸ்டேஷனில் நின்றுகொண்டு அவளைக் கூப்பிட்டேன்.

"ஏத்தா, இதுல இன்னும் வெயிட்டிங்குன்னுதான இருக்கு?"

"அம்மா, அது பழசு. நான் அப்புறமா இன்னொண்ணு அனுப்பினேன் பாரு. கோச் நம்பர், சீட் நம்பர் இருக்கும்."

"அப்ப இது எதுக்கு?"

"அதை அழிச்சிரும்மா."

அழித்தால் சீட்டும் போய்விடுமோ என்று பயந்து அழிக்கவில்லை. வண்டி வந்ததும் பெட்டி எண்ணைத் தேடி ஓடி ஏறினேன். என் இருக்கையில் யாரும் இல்லை. அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, மூச்சு வாங்கி, நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு வரிசை முன்னால் ஜன்னலோரத்தில் ஒரு கொண்டை தெரிந்தது. இறுக்கி முடிந்து, ஊசிகளை எல்லாம் ஒரே பக்கமாகக் குத்தியிருந்த கொண்டை. எங்கள் வீட்டில் ஒருத்திதான் அப்படிக் குத்துவாள். அவள் காப்பி வாங்கத் திரும்பினாள். என் அக்காவேதான்.

அக்கா கல்யாணமாகி விழுப்புரம் போய் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும். எங்களுக்குள் நாலைந்து வருஷமாகப் பேச்சு இல்லை. அவள் அங்கே புது வீடு கட்டி, ஃபாதரைக் கூப்பிட்டு மந்திரிப்பு வைத்தபோது எங்களை முறையாக அழைக்கவில்லை என்பது என் வீட்டுக்காரரின் வருத்தம். வாட்ஸ்அப்பில் பத்திரிகை வந்தது, அவ்வளவுதான். நேரில் வரவில்லை, போனிலும் சொல்லவில்லை. நாங்கள் போகவில்லை. போகாததில் அவர்களுக்கு வருத்தம் என்று வேறு யாரோ சொல்லித் தெரிந்தது. அப்படியே விட்டுப்போயிற்று. ஆனாலும் போன வருஷம் எங்கள் அம்மாவின் நினைவுப் பூசை நாளில் மனசு கேட்காமல் நானே அவளைக் கூப்பிட்டேன். "யாரு? யாரு பேசுறது?" என்றாள். நான்தான்க்கா என்றேன். "யாருன்னு வெளங்கல, வைங்க" என்று வைத்துவிட்டாள். கூடப் பிறந்தவள் குரல் தெரியாதா? அன்றைக்கு முழுக்க மிஷினில் உட்கார்ந்து எதைத் தைத்தேன் என்றே தெரியவில்லை. அதற்கப்புறம் நான் கூப்பிடவில்லை.

இப்போது இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். மதுரையிலிருந்து வருகிறாள் போலிருக்கிறது. அவள் மகனுக்கு அங்கே வேலை. அப்படியென்றால் போகும்போதும் வரும்போதும் திண்டுக்கல்லைத் தாண்டித்தானே போயிருக்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் வாய் அதற்குள் கூப்பிட்டுவிட்டது.

"அக்கா."

திரும்பவில்லை. வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் நாலு பேர் திரும்பினார்கள். அவள் காப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை கூப்பிட்டேன். அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள்.

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. தெரிந்தேதான் திரும்ப மாட்டேன் என்கிறாள் என்று முடிவு கட்டினேன். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தேன். திருச்சியில் பின்பக்கக் கதவு வழியாகச் சத்தமில்லாமல் இறங்கிவிடலாம், அவள் என்னைப் பார்த்ததாகவே வேண்டாம் என்று நினைத்தேன். மணப்பாறையில் முறுக்கு விற்கிறவர்கள் ஏறி இறங்கினார்கள். அவள் வாங்கினாளா என்றுகூட நான் பார்க்கவில்லை.

மணப்பாறை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் டி.டி.ஆர். வந்தார். கண்ணாடி போட்ட, பொறுமையான ஆள். கையில் இருந்த மிஷினைப் பார்த்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தவர் அக்காவிடம் நின்றார்.

"விழுப்புரம்தானம்மா?"

"தனியாத்தான் தம்பி வாரேன். மகன் ஏத்திவிட்டுட்டுப் போயிட்டான்."

அவர் சற்றுக் குனிந்து, "அடையாள அட்டை ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார்.

"வேணாம் தம்பி. சாப்பாடு கையில கொண்டாந்திருக்கேன்."

பக்கத்தில் இருந்த ஒருத்தர் சிரித்துவிட்டார். அக்கா அவர் முகத்தையும் டி.டி.ஆர். முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தப்பாக ஏதோ சொல்லிவிட்டோம் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. அந்த முழிப்பை நான் அவளிடம் அதற்கு முன்னால் பார்த்ததே கிடையாது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பதில் சொல்லிக் கொடுத்தவள் அவள்.

அப்போதுதான் "யாருன்னு வெளங்கல, வைங்க" என்ற அந்தப் போன் குரல் நினைவுக்கு வந்தது. எழுந்து போய் அவள் முன்னால் நின்றேன்.

"ஏ! நீயாடி?" என்றாள். பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவளுக்கு அவள் சத்தம் தெரியவில்லை. என் தாடையைப் பிடித்து இழுத்து முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். "எங்கடி இங்க? எப்ப ஏறுன? எளச்சுப் போயிட்டியேடி!"

நான்தான் அவளுடைய ஆதார் கார்டைப் பையில் தேடி எடுத்து டி.டி.ஆரிடம் காட்டினேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து, நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய்விட்டார்.

"காது கேக்கலையாக்கா?" என்று அவள் கண்ணைப் பார்த்துக் கேட்டேன்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். "ரெண்டு வருசமாச்சுடி. எடது பக்கம் சுத்தமா இல்ல. வலது பக்கம் என்னமோ தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி கேக்குது. போன்ல ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது." மதுரையில் மகன் காது மிஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அதைப் பெட்டியோடு பையில் வைத்திருந்தாள். "மாட்டிட்டுத்தான் வண்டி ஏறுனேன். தடதடன்னு காதுக்குள்ளயே ரயில் ஓடுது. கழட்டிட்டேன்."

போன வருஷம் நான் கூப்பிட்டதைச் சொன்னேன். சொன்னது அவளுக்குப் புரியவில்லை. திரும்பச் சொன்னேன். "யாரு போன் பண்ணா?" என்றாள். அதற்குள் ஜன்னலில் வீடுகள் நெருக்கமாகிவிட்டன. திருச்சி வரப்போகிறது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை.

"நீ எதுவரைக்கும்?"

"திருச்சி."

அது மட்டும் அவளுக்குத் தெளிவாக விளங்கியது. பிடியை மெதுவாக விட்டாள். "சரி, எறங்கு. பையப் பாத்து எடு" என்றாள்.

நான் எழுந்து போனேன், கதவுப் பக்கமாக நின்றிருந்த டி.டி.ஆரிடம்.

"சார், நான் திருச்சிக்கு எடுத்திருக்கேன். எறங்காமப் போகலாமா?"

"எறங்காம எங்கம்மா போறீங்க?"

"அங்கிட்டு."

அவர் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார். "எறங்குற ஊரைத் தாண்டிப் போகணும்னா வண்டி அந்த ஊருக்கு வர்றதுக்கு முந்தியே எங்கிட்ட சொல்லணும். நீங்க சொல்லிட்டீங்க, அது சரி. சொல்லாம உக்காந்திருந்தா டிக்கெட் இல்லாத ஆளுன்னுதான் கணக்கு, அபராதம் வரும். இப்ப திருச்சிலேர்ந்து நீங்க போற ஊருக்குத் தனியா கட்டணம் வாங்கி ரசீது தருவேன். ஆனா சீட்டு கிடையாது. உங்க சீட்டைத் திருச்சியிலேர்ந்து வேற ஒருத்தர் எடுத்திருக்காங்க. வண்டி ஃபுல்."

"காசு குடுத்தும் சீட்டு இல்லையா?"

"போறதுக்குத்தாம்மா காசு. சீட்டு காலியா இருந்தா தரலாம். இல்லையே."

டிக்கெட் என்றாலே உட்காரும் இடம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இரண்டும் வேறு வேறு என்பது மண்டையில் ஏற நேரமானது. முன்பதிவுப் பெட்டியில் நின்றுகொண்டு வரலாமா என்று கேட்டேன். முறைப்படி பொதுப் பெட்டிக்குத்தான் போகணும் என்றார். என் தோளுக்கு மேலாக அக்காவைப் பார்த்தார். அவள் எட்டி எட்டி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஓரமா இருந்துக்குங்க. சீட்டுக்காரங்க ஆட்சேபம் சொன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. எந்த ஊரு போடட்டும்?"

எந்த ஊர் என்று நான் யோசிக்கவே இல்லை. விழுப்புரம் என்று சொல்ல வாய் வந்தது. வீட்டுக்காரர் என்ன சொல்வார், அக்கா வீட்டுக்காரர் அத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருந்தால் என்ன பேசுவது, மறுநாள் வளைகாப்பு என்ன ஆவது என்று எல்லாம் சேர்ந்து வந்து மறித்தது. "அடுத்த பெரிய ஸ்டேஷன் எது சார்?"

"அரியலூர் போடவா?"

"போடுங்க."

ரசீதை வாங்கும்போதே வண்டி திருச்சி பிளாட்பாரத்தில் நுழைந்தது. சிநேகிதியின் வீட்டுக்காரர் என்னை அழைத்துப்போக பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து உள்ளேயே வந்து காத்திருந்தார். நான் கதவில் நின்றுகொண்டு ரவிக்கைப் பையை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை வாங்கிவிட்டு, அடுத்து என்னை இறக்கிவிடக் கையை நீட்டினார்.

"நான் வரலைண்ணே. நாளைக்கு வாரேன்."

"வந்துட்டீங்களே?"

"இல்லண்ணே, போறேன். அக்காவோட."

"எந்த ஊருக்கு?"

"அரியலூருக்கு."

"அரியலூர்ல யாரு இருக்கா?"

யாரும் இல்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? "போட்டுப் பாக்கச் சொல்லுங்க, ரெண்டு பக்கமும் உள்ள துணி விட்டிருக்கேன், இறுக்கிப் புடிச்சா பிரிச்சு விடலாம்" என்றேன். வண்டி நகர்ந்தது. அவர் பையைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலடி நடந்து, புரியாமல் நின்றுவிட்டார்.

என் சீட்டுக்குத் திருச்சியில் ஏறியவள் ஒரு இளம்பெண், வேலைக்குப் போகிறவள் மாதிரி இருந்தாள். அங்கே உட்கார்ந்திருந்தவர் எழுந்து தன் இடத்துக்குத் திரும்பி வந்தார். நான் எழுந்து நின்றேன். அக்கா, "நீ ஏன்டி எந்திரிச்ச?" என்று சத்தமாகக் கேட்டாள். மூன்று பேருக்கும் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் காவிரிப் பாலம் போய்விட்டது. கடைசியில் அந்தப் பெண்ணே வந்து, "ஆன்ட்டி, நீங்க ரெண்டு பேரும் சேந்து இருங்க. சார் என் சீட்டுக்குப் போகட்டும், நான் இங்க உங்களோட தள்ளித் தள்ளி உக்காந்துக்கிறேன்" என்றாள். மூன்று பேர் இருக்கையில் நாலு பேரானோம்.

பிறகுதான் பேச ஆரம்பித்தோம். பேச்சா அது? நான் ஒன்று கேட்பேன், அவள் ஒன்றுக்குப் பதில் சொல்வாள். ஒரு விஷயத்தை மூன்று தடவை சொல்லவேண்டும். மகன் வேலை, என் மகள் வேலை, அத்தானுக்குச் சர்க்கரை, என் கடை. இவ்வளவுக்கே அரியலூர் வந்துவிடும்போல் இருந்தது. மந்திரிப்புப் பேச்சை எடுக்கவே இல்லை. நான் எழுந்து டி.டி.ஆரைத் தேடிப் பக்கத்துப் பெட்டிக்குப் போனேன்.

"சார், அரியலூர்ல எறங்கல. அடுத்தது?"

"விருத்தாசலம்." அவர் மிஷினைத் தட்டாமல் நின்றார். "ஏம்மா, துண்டு துண்டா எடுக்காதீங்க. தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்கு இவ்வளவுங்கறது கொறையும், அது மொத்தமா எடுத்தாத்தான். இப்படி எடுத்தா ஒவ்வொரு துண்டுக்கும் மொதல்லேர்ந்து போடுவோம். உங்களுக்குத்தான் நஷ்டம். எங்க போறீங்கன்னு முடிவா சொல்லிருங்களேன்."

"தெரியல சார்."

"கூட இருக்கறவங்க எங்க எறங்குறாங்க?"

"விழுப்புரம்."

"அப்ப விழுப்புரம்தானே?"

"அதான் சார் தெரியல. விருத்தாசலமே போடுங்க."

அவர் பெருமூச்சு விட்டுப் போட்டுக் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது அக்கா சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்திருந்தாள். எலுமிச்சம்பழச் சோறு, உருளைக்கிழங்கு வெஞ்சனம். மூடியில் எனக்கு வைத்துக் கொடுத்துவிட்டு, தானாகவே ஆரம்பித்தாள்.

"மந்திரிப்புக்கு ஏன்டி வரல?"

"நீ எங்க கூப்ட்ட? போன்ல பத்திரிகை அனுப்பிவிட்ட, அம்புட்டுத்தான்."

அவளுக்குக் கேட்கவில்லை. நான் போனை எடுத்துக் காட்டி, கையால் அனுப்புவதுபோல் காட்டினேன். பக்கத்தில் இருந்த பெண் அதற்குள் தன் போனில் பெரிய எழுத்தில் தட்டி அக்காவிடம் நீட்டினாள். அக்கா படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உங்க அத்தான் திண்டுக்கல் வந்து உன் கடையிலயே குடுத்துட்டு வந்தாரேடி! கடை பூட்டியிருந்துச்சு, பக்கத்துக் கடையில குடுத்தேன்னு சொன்னாரு."

"எந்தப் பக்கத்துக் கடை?"

"எனக்கென்ன தெரியும்? ஜூஸ் கடையோ என்னமோ."

என் கடைக்கு ஒரு பக்கம் செருப்புக்கடை, இன்னொரு பக்கம் ஜெராக்ஸ். ஜூஸ் கடை ஒன்று எதிர்வரிசையில் இருந்தது. மூடி ரொம்ப நாளாகிறது. அத்தான் அங்கே கொடுத்தாரா, கொடுத்ததாகச் சொன்னாரா, கடைக்காரர் மறந்தாரா, அவ்வளவு தூரம் வந்தவர் ஏன் ஒரு போன் போடவில்லை? ஒன்றும் பிடிபடவில்லை. அக்காவைப் பார்த்தேன். அவளும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

"அத விடு. நான் வாசல்ல நின்னு நின்னு பாத்தேன்டி. ஃபாதர் வந்து தண்ணி தெளிச்சிட்டாரு, நான் இன்னும் ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறேன். எல்லாரும் உள்ள கூப்புடுறாக" என்றாள். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் சத்தம் தணிந்திருந்தது. மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது.

நான் மூடியில் இருந்த சோற்றை அளைந்துகொண்டிருந்தேன். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

விருத்தாசலம் வருவதற்குள் டி.டி.ஆர். தானாகவே எங்களிடம் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "விழுப்புரம்?" என்றார்.

"விழுப்புரம்" என்றேன்.

"அங்க எறங்கிருவீங்கள்ல?"

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "என்னடி சொல்றாரு?"

"உன் வீட்டுக்கு வாரேங்கிறேன்" என்று அவள் வலது காதில் வாயை வைத்துச் சொன்னேன். அவள் உடனே டி.டி.ஆர். கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்ப தம்பி" என்றாள். அவர்தான் என்னை அனுப்பிவைக்கிறார் என்று நினைத்துவிட்டாளோ என்னவோ. அவர் சிரித்துக்கொண்டே மூன்றாவது ரசீதைக் கிழித்தார்.

விழுப்புரத்தில் அத்தான் வண்டியோடு வெளியே நின்றார். என்னைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியை அவிழ்த்து மறுபடி கட்டினார். "வாம்மா" என்று மட்டும் சொன்னார். அப்போது பார்த்து என் வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"எங்க இருக்க? திருச்சியில எறங்கலையாமே?"

"விழுப்புரத்துல இருக்கேன்."

"அங்க எதுக்குப் போன?"

"அக்கா வீட்டுக்கு."

"எந்த அக்கா?"

"எனக்கு எத்தன அக்கா இருக்காக?"

கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். "சாப்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். "சரி. அவங்களுக்கு ஒடம்புக்கு எப்படி இருக்குன்னு கேளு" என்று வைத்துவிட்டார். அவருக்கு எப்படித் தெரியும் என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன். அப்புறம் கேட்டால், சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டது என்கிறார்.

இரவு அங்கேதான் தங்கினேன். பத்திரிகை விஷயத்தை அத்தானிடம் கேட்க அக்கா ஜாடை காட்டினாள். அவர் தட்டில் குனிந்து இட்லியைப் பிட்டுப் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

காலையில் நான் திருச்சிக்குக் கிளம்பவேண்டும். அத்தான் டிக்கெட் விவரம் சொல்ல ஆரம்பித்தார். பொதுப் பெட்டியில் போகலாம், ஆனால் பாசஞ்சரா எக்ஸ்பிரஸா என்று பார்த்து எடுக்கணும், சூப்பர்ஃபாஸ்ட் என்றால் அதற்கு மேலே தனியாக ஒன்று உண்டு என்றார். நான் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்றேன்.

அதற்குள் அக்கா அடுப்படியில் காது மிஷினை மாட்டிக்கொண்டு நின்றாள். குக்கர் விசில் அடித்ததும் திடுக்கிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் ஓடிப்போய், முந்தின நாள் பழக்கத்தில், அவள் காதோரம் வாயை வைத்து, "அக்கா, குக்கர்க்கா!" என்று கத்தினேன்.

அவள் காதைப் பொத்திக்கொண்டாள். "ஏன்டி இம்புட்டுக் கத்துற? நான் என்ன செவிடா?" என்றாள். சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள். ஹாலில் அத்தான் சிரிப்பதும் கேட்டது.